கதிரியக்க அயோடினுக்குப் பிறகு டிஎஸ்எச் இன்னும் குறைவாகவே உள்ளது: அம்மாவுக்கு எந்த மாத்திரை கொடுப்பது?

கெடிலக்கரை | கடலூர் | 6 அக்டோபர் 2024, இரவு 8.50

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவைப் பற்றி அவசரமாக ஒரு விளக்கம் தேவைப்படுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 54 வயது, 60 கிலோ எடை. திருப்பாதிரிப்புலியூரில் எங்களுடன் இருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன், நன்றாகச் சாப்பிட்டும் 9 கிலோ இளைத்து, கைநடுக்கத்தால் காப்பித் தம்ளரைக்கூடச் சிந்தாமல் பிடிக்க முடியாத நிலையில், கிரேவ்ஸ் நோய் (தைராய்டை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும் நோய்) என்று கண்டறிந்தார்கள். தைராய்டுச் சுரப்பை அடக்கும் கார்பிமசோல் மாத்திரையை 20 மாதங்கள் சாப்பிட்டார். மருத்துவர் சொல்லி நிறுத்திய நான்காம் மாதமே படபடப்பு திரும்பிவிட்டது. ஆகவே புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில், கடந்த ஆகஸ்ட் 5ஆம் தேதி 12 மில்லிகியூரி கதிரியக்க அயோடின் கேப்ஸ்யூல் கொடுத்தார்கள். தனி அறை, தனித் தட்டு, தனிப் போர்வை, கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுவது, என் மூன்று வயது மகனை அருகில் விடாமல் இருப்பது என்று அவர்கள் சொன்ன அனைத்தையும் கடைப்பிடித்தோம்.

முதல் வாரம் கழுத்தில் லேசான வலி இருந்தது; பிறகு ஒன்றுமில்லை. கடந்த மூன்று வாரங்களாகத்தான் அம்மா வேறு ஆளாக மாறிக்கொண்டிருக்கிறார். இந்தப் புரட்டாசி வெயிலிலும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்காருகிறார். குரல் கரகரத்துத் தடித்துவிட்டது. இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அலறுகிறார். எப்போதும் கழற்றி வைத்துவிட்டு மாவு பிசையும் மோதிரம் இப்போது விரலை விட்டு வர மறுக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கே நேரமாகிறது.

நேற்று ரத்தம் கொடுத்தோம். தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டிஎஸ்எச் 0.02 (இயல்பளவு 0.4 முதல் 4.2 வரை). ரத்தத்தில் ஓடும் தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 0.48 (இயல்பளவு 0.8 முதல் 1.8 வரை). வீட்டருகே உள்ள கிளினிக்கில் காட்டியபோது, டிஎஸ்எச் இவ்வளவு குறைவாக இருப்பதால் மிகை தைராய்டு இன்னும் அடங்கவில்லை என்று சொல்லி, கார்பிமசோல் 10 மில்லிகிராம் காலையும் இரவும் எழுதிக் கொடுத்தார்கள். இன்று காலை ஒன்றைக் கொடுத்துவிட்டேன். இரவு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். புதுச்சேரியில் அடுத்த முறை வரச்சொன்ன தேதி அக்டோபர் 29. இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று என் மனம் சொல்கிறது. அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை அக்கா | புதுச்சேரி | 6 அக்டோபர் 2024, இரவு 9.20

தங்கைக்கு வணக்கம். நான் மருத்துவர் அல்ல; 2013இல் இதே சிகிச்சை எடுத்துக்கொண்டு 11 ஆண்டுகளாகத் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரையோடு வாழ்கிறவள். உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் என் பத்தாவது வாரத்தை எனக்கு நினைவூட்டுகிறது. எனக்கும் டிஎஸ்எச் அப்போது அடிமட்டத்தில்தான் இருந்தது. ஆனால் உடம்பு முழுக்க முழுக்கக் குறை தைராய்டு நிலைக்குப் போயிருந்தது.

கேப்ஸ்யூல் கொடுத்த மருத்துவமனையின் எண் உங்கள் தாளில் இருக்கும். இப்போதே கூப்பிட்டு, இரவுப் பணியில் இருக்கும் மருத்துவரிடம் இந்த இரண்டு எண்களையும், கேப்ஸ்யூல் கொடுத்த தேதியையும் சொல்லி, இரவு மாத்திரையைக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். ஃப்ரீ டி4 இப்படி இறங்கியிருக்கும் ஒருவருக்கு ஓரிரவு கார்பிமசோல் தவறிப்போவதால் ஆபத்து வந்துவிடாது. அக்டோபர் 29 வரை காத்திருக்க வேண்டாம். நாளையோ நாளை மறுநாளோ நேரில் போய்விடுங்கள். அம்மா எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, பேச்சு குழறினாலோ, உடம்பு சில்லிட்டுப்போனாலோ, மூச்சு மந்தமானாலோ அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அரிதுதான், ஆனால் அந்த நிலை உயிருக்கே ஆபத்தானது.

பாகூர் மருந்தாளுநர் | புதுச்சேரி | 6 அக்டோபர் 2024, இரவு 10.05

அக்கா சொன்னது சரி. ஏன் சரி என்பதை எழுதுகிறேன். தங்கை நாளை மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவக்கூடும்.

டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரக்கும் பொருள் அல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் கட்டளை குறையும். குறைவாகச் சுரந்தால் கட்டளை கூடும். சாதாரண நாள்களில் இந்தக் கணக்கு துல்லியமாக வேலை செய்வதால்தான் டிஎஸ்எச் ஒன்றை மட்டும் பார்த்து மருத்துவர்கள் முடிவெடுக்கப் பழகியிருக்கிறார்கள். ஆனால் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ மிகை தைராய்டில் இருந்தவருக்கு, அந்தக் கட்டளையை அனுப்பும் செல்கள் நீண்ட காலம் அடக்கி வைக்கப்பட்டிருக்கும். தைராய்டின் சுரப்பு சட்டென்று விழுந்த பிறகும் அவை விழித்துக்கொள்ளப் பல வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகும். அந்த இடைவெளியில் டிஎஸ்எச் குறைவாகவும் ஃப்ரீ டி4 குறைவாகவும் ஒரே தாளில் தோன்றும். கதிரியக்க அயோடின் கொடுத்த முதல் சில மாதங்களில் மருத்துவர்கள் 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை ஃப்ரீ டி4, டி3 என்ற தைராய்டு ஹார்மோன்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். அந்தக் காலத்தில் ரத்தத்தில் உண்மையாக ஓடும் ஹார்மோனைத்தான் நம்ப வேண்டும்.

தங்கையின் அம்மாவுக்கு ஃப்ரீ டி4 0.48. சுரப்பி எரிந்து அடங்கிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் கார்பிமசோல் கொடுப்பது, மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சச் சுரப்பையும் அடைத்துவிடும். கிளினிக்கில் இருந்தவரிடம் கேப்ஸ்யூல் விவரம் முழுமையாகச் சொல்லப்பட்டதா என்று தெரியாமல் அவரைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் இந்தத் தவறு நடப்பது இது முதல் முறை அல்ல. என் கடைக்கு வந்த சீட்டுகளிலேயே இதை இருமுறை பார்த்திருக்கிறேன். மாத்திரையை மாற்றுவதையும் அளவு குறிப்பதையும் மருத்துவர்தான் செய்ய வேண்டும். நீங்களாக லெவோதைராக்சின் (தைராக்சின் மாத்திரையின் மருந்துப் பெயர்) வாங்கித் தொடங்கிவிடாதீர்கள்.

கெடிலக்கரை | கடலூர் | 8 அக்டோபர் 2024, இரவு 7.30

இருவருக்கும் நன்றி சொல்லும் முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்றிரவே தொலைபேசியில் பேசினேன். பணியில் இருந்த பெண் மருத்துவர் ஃப்ரீ டி4 எண்ணைக் கேட்டவுடன் கார்பிமசோலை நிறுத்தச் சொன்னார். இன்று காலை ஆறு மணிப் பேருந்தில் புதுச்சேரிக்குப் போனோம். மருத்துவர் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்த்தார், கணுக்காலில் சுத்தியலால் தட்டினார். கால் இழுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்புவதை எனக்கும் காட்டினார். அந்தத் தாமதமே குறை தைராய்டின் அடையாளம் என்றார். இசிஜி எடுத்து இதயத்தில் கோளாறில்லை என்று உறுதி செய்துகொண்டு, லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம் நாளை காலையிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறார். ஆறு வாரம் கழித்து மீண்டும் பரிசோதனை.

அம்மா பேருந்தில் திரும்பும்போது கேட்டார்: "அப்ப அந்த மாத்திரைக்குப் பதிலா இந்த மாத்திரையா? வியாதி போகவே போகாதா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நெல்லிக்குப்பம் அண்ணன் | கடலூர் | 9 அக்டோபர் 2024, காலை 11.40

அம்மா கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்க விரும்புகிறேன். என் தம்பி இதே கிரேவ்ஸ் நோய்க்குக் கார்பிமசோல் 5 மில்லிகிராம் ஒன்றை மட்டும் ஏழு ஆண்டுகளாகச் சாப்பிட்டுக்கொண்டு, கரும்பு வெட்டு, டிராக்டர் என்று எல்லா வேலையும் செய்கிறான். ஒரு நோயைத் தீர்ப்பதாகச் சொல்லி அதற்கு நேர் எதிரான இன்னொரு நோயைக் கொடுத்து, ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வைப்பதை எப்படிச் சிகிச்சை என்று ஏற்றுக்கொள்வது? இதை முன்கூட்டியே சொல்லாமல் கேப்ஸ்யூலைக் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

முத்தியால்பேட்டை அக்கா | புதுச்சேரி | 9 அக்டோபர் 2024, மாலை 5.10

அண்ணா, உங்கள் வருத்தத்தின் பின்பாதியை நான் முழுமையாக ஏற்கிறேன். 2013இல் நான் கையெழுத்துப் போட்ட தாளில், வாழ்நாள் முழுவதும் தைராய்டு மாத்திரை தேவைப்படலாம் என்று சிறிய எழுத்தில் இருந்தது. வாய் திறந்து ஒருவரும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து, சிகிச்சை தோற்றுப்போய்விட்டது என்று நினைத்து என் வீட்டில் அழுதிருக்கிறேன். "இதுதான் நாங்கள் எதிர்பார்த்தது, இனி உங்கள் தைராய்டு திரும்பிப் பொங்காது, குறைவதை மாத்திரையால் ஈடுசெய்வோம்" என்று ஒருவர் முன்பே ஐந்து நிமிடம் செலவழித்துச் சொல்லியிருந்தால் அந்த அழுகை இருந்திருக்காது.

ஆனால் முன்பாதியை ஏற்க முடியவில்லை. அடங்காத மிகை தைராய்டோடு நான் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். மாடிப்படி ஏறினால் இதயம் தொண்டைக்கு வந்துவிடும். பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவேன். இப்போது விடியற்காலையில் ஒரு சிறிய மாத்திரை. அவ்வளவுதான் என் நோய். இரண்டையும் அனுபவித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இவை சமமான சுமைகள் அல்ல.

பாகூர் மருந்தாளுநர் | புதுச்சேரி | 9 அக்டோபர் 2024, இரவு 9.45

நெல்லிக்குப்பம் அண்ணனின் தம்பி செய்வதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிதான். குறைந்த அளவில் நீண்ட காலம் அந்த மாத்திரையைத் தொடர்வோர் உண்டு. ஒன்றை மட்டும் அவரிடம் உறுதியாகச் சொல்லிவையுங்கள்: காய்ச்சலும் தொண்டை வலியும் சேர்ந்து வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்த வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். மிக அரிதாக அந்த மருந்து வெள்ளையணுக்களை ஒரேயடியாகக் குறைத்துவிடும். அறுவை சிகிச்சையில் சுரப்பி முழுவதையும் எடுத்தாலும் தைராக்சின் மாத்திரை வாழ்நாள் முழுவதும் உண்டு. கூடவே ரத்தத்தில் கால்சியம் குறைவது, குரல் நரம்பு பாதிக்கப்படுவது என்ற இரு அபாயங்களும் உண்டு.

கதிரியக்க அயோடின் 1941இல் அமெரிக்காவின் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் முதன்முதலில் மனிதருக்குக் கொடுத்த சிகிச்சை. தைராய்டு அயோடினைத் தேடிப்பிடித்து உள்ளிழுத்துக்கொள்ளும்; அந்தப் பழக்கத்தையே வழியாகக் கொண்டு ஐ-131 என்ற கதிரியக்க அயோடின் சுரப்பிக்குள் நுழைகிறது. அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) 8 நாள். அது வெளியிடும் பீட்டா கதிர் திசுவில் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் போகாது என்பதால், சேதம் பெரும்பாலும் சுரப்பிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஆரம்ப காலத்தில், சுரப்பியைச் சரியான அளவுக்கு மட்டும் எரித்து மாத்திரையே தேவையில்லாத நிலையைக் கொண்டுவர முயன்றார்கள். அளவைக் குறைத்தால் சிலருக்கு மிகை தைராய்டு திரும்பியது. திரும்பாதவர்களிலும் பலர் சில ஆண்டுகளில் குறை தைராய்டுக்கே போனார்கள். அதனால்தான் இன்று போதுமான அளவைக் கொடுத்து, பிறகு ஹார்மோனை ஈடுசெய்வதையே பெரும்பாலான மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தங்கை அம்மாவிடம் இப்படிச் சொல்லலாம்: முன்பு சாப்பிட்டது சுரப்பியை அடக்கும் மருந்து. இப்போது சாப்பிடுவது சுரப்பி தானே உண்டாக்கிக்கொண்டிருந்த அதே பொருள். நான்கு அயோடின் அணுக்களைக் கொண்ட தைராக்சினை எட்வர்ட் கெண்டல் 1914 டிசம்பர் 25 அன்று பிரித்தெடுத்தார். மாத்திரையில் இருப்பது அதே மூலக்கூறுதான். உடம்புக்கு அது அந்நியமானது அல்ல.

இன்னொரு செய்தியும் உண்டு. கிரேவ்ஸ் நோயில் கண் பிதுங்குவதோ கண்ணில் உறுத்தலோ இருப்பவர்களுக்குக் கதிரியக்க அயோடினுக்குப் பிறகு கண் மோசமாகலாம். புகை பிடிப்பவர்களுக்கு இது கூடுதல். குறை தைராய்டு நிலையில் நாள்களைக் கடத்துவதும் கண்ணுக்குக் கேடு. அம்மாவுக்குக் கண்ணில் ஏதேனும் மாற்றம் தெரிந்தால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்க வேண்டாம்.

கெடிலக்கரை | கடலூர் | 12 அக்டோபர் 2024, காலை 10.20

அம்மாவிடம் "உன் சுரப்பி செய்த அதே பொருள்" என்று சொன்னேன். "அப்படின்னா சரி" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். கண்ணில் ஒன்றுமில்லை, அவர் புகையிலையும் தொடுவதில்லை.

இப்போதைய சிக்கல் காப்பி. அம்மா நாற்பது ஆண்டுகளாக எழுந்தவுடன் டிகாக்‌ஷன் காப்பி குடிக்கிறவர். மாத்திரையையும் காப்பியையும் சேர்த்தே விழுங்குகிறார். பதினொரு மணிக்குக் கேழ்வரகுக் கூழ், அதோடு எலும்புக்காகக் கால்சியம் மாத்திரை. அயோடின் உப்பைக் கொஞ்சம் கூட்டினால் மாத்திரையைக் குறைக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். இவற்றில் எது சரி, எது தவறு?

பாகூர் மருந்தாளுநர் | புதுச்சேரி | 12 அக்டோபர் 2024, பிற்பகல் 2.00

காப்பியோடு விழுங்குவதை இன்றே நிறுத்துங்கள். லெவோதைராக்சின் மைக்ரோகிராம் கணக்கில் கொடுக்கப்படும் மருந்து. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவு குடலில் உறிஞ்சப்படும்போது காப்பியோ பாலோ குறுக்கே வந்தால், ஒவ்வொரு நாளும் உடம்பில் சேரும் அளவு மாறிக்கொண்டே இருக்கும். பிறகு பரிசோதனை எண்ணைப் பார்த்து மருத்துவர் அளவைக் கூட்டுவதும் குறைப்பதுமாக அலைக்கழிவார். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி.

கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றுப்புண்ணுக்கான ஜெல் மருந்துகள் ஆகியவை தைராக்சினைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஐந்தரை மணிக்குத் தைராக்சின் சாப்பிட்டால் பதினொரு மணிக் கூழுக்கும் கால்சியத்துக்கும் தடையில்லை. கூழை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அயோடின் உப்பு பற்றிய பேச்சை விட்டுவிடுங்கள். அயோடின் மூலப்பொருள், அதைத் தைராக்சினாக மாற்றும் சுரப்பியே செயலிழந்த பிறகு மூலப்பொருளைக் கூட்டி ஒரு பயனும் இல்லை. வீட்டில் வழக்கமாகப் பயன்படுத்தும் உப்பே போதும்.

முத்தியால்பேட்டை அக்கா | புதுச்சேரி | 12 அக்டோபர் 2024, மாலை 6.25

காப்பிக்கு என் வழியைச் சொல்கிறேன். மாத்திரைப் புட்டியைத் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரோடு வைத்துவிடுவேன். கண் விழித்ததும், பாயை விட்டு எழும் முன்னரே விழுங்கிவிடுவேன். பிறகு வாசல் தெளித்துக் கோலம் போட்டு, குளித்து, பால் காய்ச்சி முடிக்கும்போது ஐம்பது நிமிடம் ஓடிவிடும். காப்பியைத் தள்ளிப்போட வேண்டிய தேவையே வராது. மாத்திரையைச் சமையலறைக்குள் கொண்டுபோகாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. அடுப்பு வெக்கையும் அதற்கு ஆகாது.

வில்லியனூர் | புதுச்சேரி | 20 நவம்பர் 2024, மாலை 4.30

இந்த இழையைப் படித்து வந்தேன். கெடிலக்கரை அடுத்த பரிசோதனைக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். குறை தைராய்டில் எனக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்ததால், அழகு நிலையத்தில் சொன்ன பயோட்டின் மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்த பரிசோதனையில் டிஎஸ்எச் குறைவு, ஃப்ரீ டி4 அதிகம் என்று வந்தது. எனக்கோ மலச்சிக்கலும் சோர்வும் அப்படியே இருந்தன. தைராக்சின் அளவைப் பாதியாகக் குறைக்க இருந்த நேரத்தில், வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். பல ஆய்வகங்களில் ஹார்மோனை அளக்கும் முறையிலேயே பயோட்டின் பயன்படுத்தப்படுவதால், ரத்தத்தில் அது மிகுந்திருந்தால் எண்கள் பொய்யாக வரும் என்று விளக்கினார். மூன்று நாள் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்த பரிசோதனையில் டிஎஸ்எச் 9 என்று வந்தது. குறைக்க இருந்த அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று. முடி மாத்திரை சாப்பிடுவோர் குறைந்தது இரண்டு நாளாவது முன்னதாக நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள்; சீட்டில் இல்லாத மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பாகூர் மருந்தாளுநர் | புதுச்சேரி | 20 நவம்பர் 2024, இரவு 8.15

மிகத் தேவையான செய்தி, நன்றி. அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பரிசோதனை நாளன்று ரத்தம் கொடுத்த பிறகு தைராக்சின் சாப்பிடுங்கள். விழுங்கிய சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 சற்று உயர்ந்து காட்டும்.

கெடிலக்கரை | கடலூர் | 6 டிசம்பர் 2024, இரவு 9.00

இரண்டு செய்திகள். நவம்பர் 22 பரிசோதனையில் ஃப்ரீ டி4 0.9, டிஎஸ்எச் 16. அக்டோபரில் 0.02 இருந்த எண் 16க்குப் போனதைக் கண்டு நான் பதறிவிட்டேன். மருத்துவரோ, அடங்கிக்கிடந்த பிட்யூட்டரி விழித்துக்கொண்டது, இனிமேல் டிஎஸ்எச்சை நம்பி அளவை அமைக்கலாம் என்று சொல்லி, 100 மைக்ரோகிராமாகக் கூட்டினார்.

அடுத்தது புயல். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரை கடந்ததையும், தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது. ஜன்னல் மாடத்தில் இருந்த மாத்திரைப் புட்டி நனைந்து மாத்திரைகள் கரைந்து ஒட்டிக்கொண்டன. மருந்துக் கடை திறக்கும் வரை நான்கு நாள் அம்மாவுக்கு மாத்திரை இல்லை. விட்டுப்போன நான்கையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமா?

பாகூர் மருந்தாளுநர் | புதுச்சேரி | 6 டிசம்பர் 2024, இரவு 9.40

வேண்டாம். தைராக்சினின் அரை ஆயுள் ஏறத்தாழ ஏழு நாள். நான்கு நாள் விட்டதால் மாத்திரை தந்த அளவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். அம்மாவுக்குச் சற்றுச் சோர்வு தெரிந்திருக்கலாம், அதற்கு மேல் இல்லை. வழக்கமான அளவைத் தொடர்ந்தால் தானே நிரம்பிவிடும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகச் சாப்பிடச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. ஆனால் நான்கை ஒன்றாகக் கொடுத்து 54 வயது இதயத்தைச் சோதிக்க வேண்டியதில்லை. இதே நீண்ட அரை ஆயுள் காரணமாகத்தான் அளவை மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே ரத்தம் பார்க்கிறோம். அதற்கு முன் பார்த்தால் எண் இன்னும் நிலைகொண்டிருக்காது. நனைந்த மாத்திரைகளைத் தூக்கி எறிந்துவிடுங்கள். ஈரமும் வெயிலும் படும் ஜன்னல் மாடம் தைராக்சினுக்கு உகந்த இடமல்ல.

முழு அளவுக்கான பொதுக் கணக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம், 60 கிலோவுக்கு 96 வருகிறது, ஆகவே 100 பொருத்தமான அளவே. முதியவர்களுக்கும் இதய நோயுள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கை ஒரேயடியாகப் போட மாட்டார்கள், 12.5 அல்லது 25இல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். தைரோநார்ம், எல்ட்ராக்ஸின், தைராக்ஸ் என்று எதை வாங்கினாலும் ஒரே பெயரையே தொடருங்கள். கடையில் வேறொன்றைக் கொடுத்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

லாஸ்பேட்டை | புதுச்சேரி | 11 ஜனவரி 2025, பிற்பகல் 12.15

எனக்கு வயது 28. சென்ற மார்ச்சில் கேப்ஸ்யூல் எடுத்து, இப்போது 88 மைக்ரோகிராமில் டிஎஸ்எச் 1.9 இருக்கிறது. குழந்தைக்குத் திட்டமிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். கதிரியக்கத்தால் குழந்தைக்குக் கேடு வருமோ என்று மாமியார் அஞ்சுகிறார்.

பாகூர் மருந்தாளுநர் | புதுச்சேரி | 11 ஜனவரி 2025, இரவு 9.05

தங்கை, பொதுவாக ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். உங்களுக்குப் பத்து மாதம் ஆகிவிட்டது, தைராய்டும் நிலையாக இருக்கிறது. மாமியாரின் அச்சத்துக்கு, ஐ-131 உங்கள் உடலை விட்டு எப்போதோ போய்விட்டது என்று தயங்காமல் பதில் சொல்லலாம். ஆனால் இரண்டை மறக்காதீர்கள். கருவுற்றது தெரிந்த உடனே தைராக்சின் தேவை கூடும்; 25 முதல் 30 சதவீதம் வரை உயர்த்துவது வழக்கம், முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. ஆகவே அதற்கான அளவை இப்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். மற்றொன்று, சுரப்பி அடங்கினாலும் கிரேவ்ஸ் நோயின் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் நீடிக்கலாம். அவை நஞ்சுக்கொடி வழியே குழந்தையின் தைராய்டைத் தூண்டக்கூடும். உங்கள் எண்கள் இயல்பாக இருப்பதைப் பார்த்து மகப்பேறு மருத்துவர் இதைக் கேட்காமல் விடலாம். முன்பு கிரேவ்ஸ் இருந்தது, கேப்ஸ்யூல் எடுத்தேன் என்பதை நீங்களே முதல் வருகையில் சொல்லுங்கள்.

பரங்கிப்பேட்டை | கடலூர் | 19 ஜனவரி 2025, இரவு 10.30

மார்ச் மாதம் ரமலான் வருகிறது. என் வாப்பா இரண்டு ஆண்டுகளாக 100 மைக்ரோகிராம் சாப்பிடுகிறார். சஹருக்கு (நோன்பு தொடங்கும் முன் உண்ணும் அதிகாலைச் சாப்பாட்டுக்கு) எழுந்து அரை மணி காத்திருப்பது அவருக்கு முடியவில்லை. சென்ற ஆண்டு சாப்பாட்டோடு விழுங்கி, நோன்பு முடிந்ததும் டிஎஸ்எச் 11 ஆகியிருந்தது. வேறு வழி உண்டா?

முத்தியால்பேட்டை அக்கா | புதுச்சேரி | 20 ஜனவரி 2025, காலை 7.15

இருக்கிறது தம்பி. என் தோழி ஒருத்தி நோன்பு மாதத்தில் படுக்கும் நேரத்தில் சாப்பிடுகிறாள். இஃப்தாரும் இரவுச் சாப்பாடும் முடிந்து மூன்று மணி நேரம் வயிறு காலியாக இருந்தால் போதும். அதிகாலையில் எழ முடியாத சிலருக்கும் மருத்துவர்கள் இந்த இரவு வழியைச் சொல்வதுண்டு. வாப்பா தராவீஹ் இரவுத் தொழுகை முடித்து வந்து வேறு எதுவும் கொறிக்காமல் இருப்பாரா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரமலான் தொடங்கும் முன்பே அவருடைய மருத்துவரிடம் கேட்டு நேரத்தை மாற்றிவிடுங்கள்.

கெடிலக்கரை, அம்மா எப்படி இருக்கிறார்கள்? குரல் திரும்பிவிட்டதா?

கெடிலக்கரை | கடலூர் | 28 ஜனவரி 2025, இரவு 8.40

அக்கா, நேற்றுதான் முடிவு வந்தது. டிஎஸ்எச் 2.8, ஃப்ரீ டி4 1.3. அளவு 100லேயே தொடர்கிறது. அடுத்த பரிசோதனை ஏப்ரல் கடைசியில். அதுவும் சரியாக இருந்தால் பிறகு ஆறு மாதம், அதன் பின் ஆண்டுக்கு ஒருமுறை என்று சொல்லியிருக்கிறார்கள். அளவு மிஞ்சினாலும் இதயத் துடிப்பு தாறுமாறாவதும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்வதும் உண்டு என்பதால், நன்றாக இருக்கிறோம் என்று பரிசோதனையை விட்டுவிடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார்.

மருந்துப் பெட்டியின் மூடிக்குள் ஒரு அட்டையை ஒட்டியிருக்கிறேன்: கிரேவ்ஸ் நோய், 5.8.2024 அன்று 12 மில்லிகியூரி, லெவோதைராக்சின் 100. யார் அம்மாவை எந்த கிளினிக்குக்கு அழைத்துப் போனாலும் அந்த அட்டையின் படத்தைக் கைப்பேசியில் காட்ட வேண்டும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

சால்வை பெட்டிக்குள் போய்விட்டது. மோதிரம் கழன்று வருகிறது. காலை ஐந்தரைக்கு மாத்திரை, ஆறரைக்குக் காப்பி. குரல்தான் தாமதிக்கிறது அக்கா. அம்மா வெள்ளிக்கிழமைகளில் பாடலீஸ்வரர் கோயிலில் மற்ற பெண்களோடு சேர்ந்து பாடுகிறவர். நான்கு மாதமாக வெறுமனே உதடசைத்துக்கொண்டு நின்றிருந்தார். சென்ற வெள்ளியன்று தாழ்ந்த சுருதியில் இரண்டு பாட்டு பாடினார். மேல் சுருதிக்கு இன்னும் எட்டவில்லை.